கண்ணிமைப் பொழுதில் ஒரு சொல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘வாசிப்பு’ என்னும் பொருளில் பேசுமாறு வட்டத்தின் செயலாளர் என்னைப் பணித்தபோது, வாசிப்பின் பயன்களை அடுக்கிச் சொல்லிவிட்டு அமரலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் வாசிப்பின் பயனை அறிந்தவர்கள்தாம் இந்த அவையில் அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே, சில திங்களுக்கு முன் என் மாணவர் ஒருவர் என்னிடம் காட்டிய ஒரு பொருளைப் பற்றியும், அது என்னுள் எழுப்பிய வினாக்களைப் பற்றியும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அவர் முதுகலை பயிலும் மாணவர். மாலையில் ஒரு துணிக்கடையில் வேலை. இரவு பத்து மணிக்குமேல்தான் வீடு திரும்புவார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் தம் கைப்பேசியை என் முன் நீட்டி, “அம்மா, நீங்கள் படிக்கச் சொன்ன நாவலை இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன்” என்றார். ஏறத்தாழ எழுபத்தைந்தாயிரம் சொற்கள் கொண்ட நாவல் அது. எப்படி என்றேன். அவர் ஒரு செயலியைத் திறந்தார். திரையின் நடுவே ஒரு சொல் தோன்றியது, மறைந்தது. அதே இடத்தில் அடுத்த சொல் தோன்றியது, மறைந்தது. நிமிடத்திற்கு ஐந்நூறு சொற்கள். பக்கம் இல்லை, வரி இல்லை, பத்தி இல்லை. கண் அசையாமல் நிற்க, சொற்கள் மின்னி மறைந்துகொண்டேயிருந்தன.

நாவலைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டேன். மாந்தர் பெயர்களைச் சொன்னார். கதைப்போக்கைச் சொன்னார். முடிவையும் சரியாகவே சொன்னார். “ஊர்ப் பெரியவரைப் பற்றி ஆசிரியர் என்ன நினைக்கிறார்?” என்று கேட்டேன். “மிகவும் உயர்வாகச் சொல்கிறார் அம்மா, வள்ளல் என்கிறார்” என்றார். அவையோரே, அந்த நாவலில் அப்பெரியவரைப் பற்றி வரும் புகழுரை முழுவதும் வஞ்சப்புகழ்ச்சி. ஆசிரியர் அவரைப் பக்கத்துக்குப் பக்கம் எள்ளி நகையாடுகிறார். மாணவர்க்குச் சொற்கள் அனைத்தும் கிடைத்திருந்தன; குரல் மட்டும் கிடைக்கவில்லை. குரல் எங்கே தொலைந்தது? இக்கேள்விதான் என்னை இந்தப் பொருளுக்குள் இழுத்துச் சென்றது.

விரைந்து படிக்க வேண்டும் என்னும் வேட்கை புதியதன்று. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் சாமுவேல் ரென்ஷா, வானூர்திகளின் உருவங்களைத் திரையில் ஒரு கணம் மின்னவைத்துக் கடற்படையினர்க்கு அடையாளம் காணும் பயிற்சி அளித்தார். அத்தகைய மின்னற்காட்சிக் கருவிகள் பின்னர்ப் படிப்புப் பயிற்சிக்கும் பயன்பட்டன. 1959-இல் ஈவ்லின் வுட் என்னும் ஆசிரியை, கையைப் பக்கத்தின்மேல் ஓட்டி அதன்வழிக் கண்ணை ஓட்டும் விரைவாசிப்புப் பயிற்சியை ஒரு நிறுவனமாகவே தொடங்கினார். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஜிம்மி கார்ட்டரும் அப்பயிற்சியைப் பெற்றவர்.

ஒரே இடத்தில் ஒவ்வொரு சொல்லாகக் காட்டும் முறை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. இதனை ‘விரைவுத் தொடர் காட்சிமுறை’ எனத் தமிழில் சொல்லலாம். 1970-இல் கென்னத் ஃபார்ஸ்டர் என்பார் வாக்கியங்களை மனம் எவ்வாறு கொள்கிறது என்று அறிய இம்முறையைக் கையாண்டார். அவரைத் தொடர்ந்து மேரி பாட்டர் என்னும் அம்மையார் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பல்லாண்டுகள் இம்முறையில் ஆய்வு செய்தார். மக்களை விரைந்து படிக்கவைப்பது இவர்கள் நோக்கமன்று. மனத்தின் வேகத்திற்கு எல்லை எது என்று அளப்பதே நோக்கம். அளவுகோலாகப் பிறந்த ஒன்று பிற்காலத்தில் வாகனமாக மாறிவிட்டது. 2014 பிப்ரவரியில் ‘ஸ்பிரிட்ஸ்’ என்னும் அமெரிக்க நிறுவனம் இதனைக் கைப்பேசிக்கும் கைக்கடிகாரத்திற்கும் உரிய வாசிப்பு முறையாக அறிவித்தபோது உலகெங்கும் பேச்சு எழுந்தது. ஒவ்வொரு சொல்லிலும் ஓரெழுத்தைச் சிவப்பாக்கி, அவ்வெழுத்து எப்போதும் ஒரே புள்ளியில் நிற்குமாறு அமைத்தது அவர்கள் செய்த புதுமை. நிமிடத்திற்கு ஆயிரம் சொல்வரை படிக்கலாம் என்றும், வழக்கமான வாசிப்பில் நேரத்தின் பெரும்பகுதி கண்ணை நகர்த்துவதிலேயே வீணாகிறது என்றும் அவர்கள் கூறினர்.

இக்கூற்று உண்மைதானா? இதற்கு விடை காண, படிக்கும்போது நம் கண் என்ன செய்கிறது என்பதைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும்.

கண் வரியின்மேல் நீரோட்டம்போல் வழுக்கிச் செல்வதாக நாம் எண்ணுகிறோம். அது பிழை. கண் தாவுகிறது; நிற்கிறது; மீண்டும் தாவுகிறது. எமில் ழவால் என்னும் பிரெஞ்சுக் கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே இது கண்டறியப்பட்டது. ஆங்கிலம் படிப்போரிடம் செய்த ஆய்வுகளின்படி, ஒரு தாவல் ஏழு முதல் ஒன்பது எழுத்துத் தொலைவு செல்லும். ஒரு நிலைப்பு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிநொடி. அதாவது கால் நொடி. தாவலுக்கு ஆகும் நேரமோ 20 முதல் 35 மில்லிநொடிதான். இக்கணக்கே நிறுவனத்தாரின் கூற்றை மறுத்துவிடுகிறது. வாசிப்பு நேரத்தில் தாவல் எடுத்துக்கொள்வது பத்தில் ஒரு பங்களவே. எஞ்சிய ஒன்பது பங்கும் கண் நின்று, மனம் வேலை செய்யும் நேரம். கண்ணைக் கட்டிப்போடுவதால் மிச்சமாவது மிகச் சிறிதே.

இழப்பது எவ்வளவு? கண் நிற்கும் இடத்தில் உள்ள சொல்லை மட்டும் நாம் காண்பதில்லை. இடமிருந்து வலமாகப் படிப்போர், நிலைக்கும் புள்ளிக்கு இடப்புறம் மூன்று நான்கு எழுத்துகளையும் வலப்புறம் பதினான்கு பதினைந்து எழுத்துகள் வரையிலும் ஏதோ ஓரளவு உள்வாங்குகின்றனர் என்று கண்டுள்ளனர். வலமிருந்து இடமாக எழுதப்படும் எபிரேயத்தைப் படிப்போர்க்கு இது தலைகீழாக அமைகிறது. வருகின்ற சொல்லைக் கடைக்கண்ணால் முன்னரே வரவேற்றுவிடுகிறோம் என்பது இதன் பொருள். ஒற்றைச் சொல் மின்னும் திரையில் கடைக்கண்ணுக்கு வேலையில்லை. வருவது யாரென்று தெரியாமலேயே ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது.

அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. படிப்பவர் கண் பத்துத் தாவலில் ஒன்றிரண்டு பின்னோக்கியே செல்கிறது. விரைவாசிப்புப் பயிற்சியாளர் இதனைத் தீய பழக்கம் என்பர். இதனைச் சோதித்துப் பார்த்தவர்கள் எலிசபெத் ஷாட்டர், ராண்டி டிரான், கீத் ரெய்னர் ஆகிய மூவர். இவர்களது ஆய்வு 2014-இல் வெளிவந்தது. படிப்பவர் ஒரு சொல்லைக் கடந்ததும் அச்சொல்லைக் குறிகளால் மறைத்துவிட்டனர். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இராது. விளைவு, பொருளுணர்வு குறைந்தது. குழப்பமான வாக்கியங்களில் மட்டுமன்றி, தெளிவான வாக்கியங்களிலும் குறைந்தது. பின்னோக்கிப் பார்த்தல் பழக்கத் தவறன்று. புரிந்துகொள்ளுதலின் ஓர் உறுப்பு என்பது இதனால் விளங்குகிறது.

இவ்விடத்தில் நம் நன்னூலை நினைக்காதிருக்க இயலவில்லை. நூலை ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்பானாயின் அந்நூலில் பிழைபடுதல் இலன் ஆவான் என்றும், மூன்றாம் முறையும் கேட்டால் பிறர்க்கு முறையறிந்து உரைக்க வல்லவன் ஆவான் என்றும் பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் வகுத்துள்ளார். மாணாக்கரை வகைப்படுத்தும்போது, தலைமாணாக்கர்க்கு அன்னத்தையும் பசுவையும் உவமையாக்குகிறார். பசு, கிடைத்ததை மேய்ந்து, பின்னர் ஓரிடத்தில் இருந்து அசைபோடுவது. கடைமாணாக்கர்க்கு அவர் தரும் உவமைகளுள் ஒன்று இல்லிக்குடம். ஊற்ற ஊற்ற ஒழுகிவிடும் ஓட்டைக்குடம் அது. மின்னித் தோன்றி மறையும் சொற்களைக் கண்டபோது எனக்கு அக்குடமே நினைவுக்கு வந்தது. குற்றம் குடத்தினுடையதன்று, ஊற்றுகின்ற வேகத்தினுடையது.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஒரு தனி வாக்கியத்தை நொடிக்குப் பன்னிரண்டு சொல் வேகத்தில் காட்டினாலும் மனம் அதனைப் பற்றிக்கொள்கிறது என்று பாட்டர் அம்மையார் கண்டார். இது வியப்புக்குரியதே. ஆனால் வாக்கியங்கள் தொடர்ந்து பத்தியாகும்போது நினைவு தளர்ந்துவிடுகிறது. மைக்கேல் மாசன் 1983-இல் செய்த ஆய்வில், வாக்கியத்திற்கும் வாக்கியத்திற்கும் இடையே சிறு நிறுத்தம் தந்தபோது நிலைமை மேம்பட்டது. மனத்திற்குச் சொல்லைப் போலவே சொல்லற்ற இடமும் தேவைப்படுகிறது. ரெய்னர், ஷாட்டர், மாசன், பாட்டர், டிரைமன் ஆகிய ஐவரும் 2016-இல் வெளியிட்ட விரிவான கட்டுரை, வேகத்திற்கும் பொருளுணர்வுக்கும் இடையே கொடுத்து வாங்கும் உறவு உண்டு. வேகத்தை இருமடங்கு மும்மடங்காக்கிவிட்டுப் பொருளை முழுமையாகப் பெறுதல் அரிது என்றே முடிவு கூறுகிறது. பெல்ஜியத்தின் மார்க் பிரைஸ்பார்ட் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் தந்த கணக்கின்படி, வளர்ந்தோர் ஆங்கிலத்தை வாய்க்குள் படிக்கும் சராசரி வேகம், கட்டுரை நூலாயின் நிமிடத்திற்கு 238 சொல். புனைகதையாயின் 260 சொல். ஆயிரம் என்பதற்கும் இதற்கும் உள்ள தொலைவை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

இனி, கண்ணிமையைப் பற்றி ஒரு சொல். எழுத்தின் ஒலிப்புக் காலமாகிய மாத்திரையை அளக்கத் தொல்காப்பியர் எடுத்துக்கொண்ட அளவு, இயல்பாகக் கண் இமைக்கும் பொழுதும் கைநொடிக்கும் பொழுதுமாகும். நிமிடத்திற்கு அறுநூறு சொல் என்றால், ஒரு சொல்லுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு. நாம் ஒருமுறை இமைப்பதற்கே அவ்வளவு நேரமோ அதைவிடக் கூடுதலோ ஆகிறது. அதாவது, ஓர் எழுத்திற்குத் தொல்காப்பியர் தந்த காலத்தை இச்செயலி ஒரு முழுச் சொல்லுக்குத் தருகிறது. இடையில் இமைத்தால் ஒன்றிரண்டு சொற்கள் போயின. அவை எவை என்பதும் தெரியாது. ஸ்பிரிட்ஸ் முறையைச் சோதித்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படித்தவர்கள் இமைப்பதைக் குறைத்துக்கொண்டனர் என்றும், கண் சோர்வு கூடியது என்றும் கண்டுள்ளனர். இமைக்கவும் அஞ்சிப் படிக்கும் படிப்பு என்ன படிப்பு?

இவை எம்மொழிக்கும் பொது. தமிழுக்கென்று தனியே எழும் இடர்கள் சிலவும் உள. நானே அச்செயலியில் எனக்குப் பழக்கமான சிறுகதை ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தேன். முதலிற் கண்ட இடர் எழுத்திலேயே இருந்தது. சொல்லின் ஓரெழுத்தைச் சிவப்பாக்க முயன்ற செயலி, ‘கொ’ என்பதை ஓரெழுத்தாகக் கொள்ளாமல் இரு குறியீடுகளாகக் கொண்டு பிளந்துவிட்டது. ககரம் தனியே நிற்க, கொம்பும் காலும் ஒரு புள்ளிவட்டத்தைச் சுற்றிச் சிவப்பாக நின்றன. உயிரையும் மெய்யையும் பிரித்த பின் எழுத்து ஏது? இது திருத்தக்கூடிய குறையே. திருத்திய செயலிகளும் இருக்கலாம்.

திருத்த இயலாதது சொல் பற்றிய கணக்கு. ‘வீட்டிற்குக்கூடப் போகவில்லை’ என்பது தமிழில் இரண்டு சொல். இதனையே ஆங்கிலத்தில் சொல்ல ஆறேழு சொல் வேண்டும். வேற்றுமையும் இடையும் எதிர்மறையும் நம் மொழியில் சொல்லின் வாலாக ஒட்டி வருகின்றன. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற சொல்லையும் ‘ஓர்’ என்ற சொல்லையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது? சில செயலிகள் நீண்ட சொல்லுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தருகின்றன. எனினும், நிமிடத்திற்கு ஐந்நூறு சொல் என்ற ஆங்கிலக் கணக்கைத் தமிழின்மேல் வைப்பது, முழத்தால் அளந்த துணிக்குக் கோலால் விலை சொல்வதைப் போன்றது.

நம் வாக்கியமோ பயனிலையை இறுதியில் வைத்திருப்பது. ‘அவன் வந்துவிட்டான் என்று நான் சொன்னதாக அவள் எண்ணிக்கொண்டது தவறு’ என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். கடைசிச் சொல் முன்னவை அனைத்தையும் புரட்டிப்போடுகிறது. அந்தச் சொல்லைக் கண்டதும் கண் தானாகத் திரும்பி, வந்தவன் யார், சொன்னவர் யார் என்று சரிபார்த்துக்கொள்கிறது. மின்னும் திரையில் திரும்பிப் பார்க்க இடமில்லை. ‘தவறு’ என்பது மட்டும் கண்முன் நிற்கும். அதுவும் நில்லாது.

செய்யுளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. எதுகை என்பது அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது. பக்கத்தில் அது அடியின்கீழ் அடியாக நின்று கண்ணுக்கும் புலப்படுகிறது. அடியே இல்லாத திரையில் எதுகைக்கு இருப்பிடம் எது? இன்னொன்றும் உண்டு. விரைந்து தொடர்ந்து காட்டப்படும் சொற்களில் ஒரே சொல் மீண்டும் வந்தால், இரண்டாவது வருகையைப் பலரும் காணத் தவறிவிடுகின்றனர் என்று நான்சி கான்விஷர் 1987-இல் கண்டறிந்து எழுதினார். இதனை ‘மீள்வரவுக் குருடு’ எனலாம். ஆங்கிலச் சொற்களைக் கொண்டு கண்ட முடிவு இது. எனினும் அடுக்குத்தொடரும், வந்த சொல்லே மீண்டும் வந்து அழகு செய்யும் பின்வருநிலை அணியும் செழித்த மொழியை இம்முறையில் படித்தால் என்ன ஆகும் என்னும் அச்சம் எனக்கு எழுகிறது. அழுகைக்கும் அச்சத்திற்கும் களிப்பிற்கும் சொல்லை இரட்டித்துச் சொல்வது நம் மரபு. இரண்டாவது சொல்லில்தான் உணர்ச்சியே இருக்கிறது. அதுதான் கண்ணுக்குத் தப்புவது.

அவையோரே, இவ்வளவு சொன்னதால் இக்கருவியை நான் முற்றாக வெறுக்கிறேன் என்று கொள்ளற்க. சிறு திரையில் ஒரு செய்தியையோ அறிவிப்பையோ பார்க்க இது உதவும். பார்வை குறைந்தோர்க்கு எழுத்தை மிகப் பெரிதாக்கி ஒவ்வொரு சொல்லாகக் காட்டினால் பயன்படுமா என்று 1990-களிலேயே ஆராய்ந்துள்ளனர். அத்தகைய முயற்சிகளை நான் வணங்குகிறேன். மேலும், விரைந்து நோக்குதலும் ஒரு கல்வித் திறனே. நூறு ஏடுகளைப் புரட்டி வேண்டியதைக் கண்டெடுக்கத் தெரியாதவர் ஆய்வாளராக முடியாது. ஆனால் புரட்டுதல் வேறு, படித்தல் வேறு. 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட கேள்வியால் சீவகசிந்தாமணியைக் கையிலெடுத்த உ.வே.சாமிநாதையர், புள்ளியும் இல்லாத ஏடுகளை மீண்டும் மீண்டும் ஒப்புநோக்கி, விளங்காத இடங்களுக்குச் சமண அன்பர்களை நாடிச் சென்று கேட்டு, 1887-இல் அதனைப் பதிப்பித்தார். ஏழாண்டு! அந்த ஏழாண்டில் அவர் கண் எத்தனை முறை பின்னோக்கிச் சென்றிருக்கும்? அப்பின்னோக்கல்களின் மேல்தான் இன்று நாம் நின்றுகொண்டிருக்கிறோம்.

என் மாணவரிடம் நான் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னேன். சற்று மிடுக்காகவே சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னர்த் தம் பையிலிருந்து, நான் திருத்திக் கொடுத்திருந்த அவருடைய கட்டுரையை எடுத்தார். அதன் நான்காம் பக்கத்தில் ‘சான்று இல்லை’ என்று சிவப்பு மையால் எழுதி மதிப்பெண் குறைத்திருந்தேன். மூன்றாம் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். சான்று அங்கே இருந்தது. “அம்மா, உங்களுக்கும் நேரம் இருந்திருக்காது” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை, பரிவே இருந்தது. எனக்கு நாணமாக இருந்தது. முந்தைய பக்கத்திற்குத் திரும்பாத கண் என்னுடையதுதான். எந்தச் செயலியும் என்னை அவ்வாறு படிக்கச் சொல்லவில்லை. எண்பது கட்டுரைகளை இரண்டு இரவுகளில் திருத்த வேண்டியிருந்த நெருக்கடியே என்னை அவ்வாறு படிக்கச் செய்தது. மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன்.

அன்றுமுதல் என் கேள்வி மாறிவிட்டது. இக்கருவி நல்லதா தீயதா என்பதன்று கேள்வி. பகலெல்லாம் கல்லூரி, மாலையெல்லாம் கடை என்று வாழும் ஓர் இளைஞர்க்கு, ஒரு நாவலை அசைபோட்டுப் படிக்கும் பொழுதை யார் தருவது? அவர் சோம்பலால் இக்கருவியை நாடவில்லை. இலக்கியத்தைக் கைவிட மனமின்றி நாடினார். அவரை நோக்கி ‘மெல்லப் படி’ என்று சொல்வது எளிது. மெல்லப் படிக்கத் தக்க ஒரு மணி நேரத்தையும் ஓர் இடத்தையும் அமைத்துத் தருவது கடினம். கடினமான அதைச் செய்யாமல் எளிதானதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், நம் அறிவுரையும் அந்தத் திரையில் மின்னி மறையும் சொல்லைப் போன்றதே.

இவ்வட்டம் பத்தாண்டுகளாகச் செய்துவந்தது என்ன என்று எண்ணிப்பார்க்கிறேன். மாதம் ஒரு கூட்டம். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கேட்பது. “அந்த வரியை இன்னொருமுறை” என்று எவரேனும் கேட்டால் நிறுத்தித் திரும்பப் படிப்பது. அந்த ‘இன்னொருமுறை’தான் நான் இவ்வளவு நேரம் பேசிய பின்னோக்கல். கண்ணுக்கு எது இயல்போ, அதையே நாம் கூடியிருந்து செய்துவந்திருக்கிறோம். ஆகவே, ஒரு வேண்டுகோளை முன்வைத்து அமர்கிறேன். நம் கூட்டங்கள் மாலை ஆறு மணிக்கு நடைபெறுகின்றன. மாலையில் வேலைக்குச் செல்லும் மாணவர்கள் வர இயலாத நேரம் அது. பதினோராம் ஆண்டு முதல் ஞாயிறு காலையில், ஒரு சிறுகதை, ஒரு பாடல் என்ற அளவில், அவர்கள் வரக்கூடிய நேரத்தில் ஒரு வாசிப்பு அமர்வைத் தொடங்குவோமாக. முதல் அமர்வுக்கு என் மாணவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஊர்ப் பெரியவரைப் பற்றிய அத்தியாயத்தைத் தாமே வாய்விட்டுப் படிக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். சிரிப்பு எந்த வரியில் எழுகிறது என்று அவரோடு சேர்ந்து நாமும் கேட்போம்.